ஜிம்மில் மாஸ்டரிடமும் கூட வருபவர்களிடமும் ஆலோசனை கேட்பது எப்படி?

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரம் மாஸ்டர் கூடவே நிற்பார். அடுத்த வாரம் புதிதாக இன்னொருவர் சேர்ந்திருப்பார், மாஸ்டர் அவர் பக்கம் போய்விடுவார். அதற்கப்புறம் நாமாகக் கேட்டால்தான் உண்டு. பர்சனல் ட்ரெய்னிங்குக்குத் தனியாகப் பணம் கட்ட வசதியில்லாத, மாதச் சந்தா மட்டும் கட்டி வருகிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எதைக் கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில் அமைகிறது என்பது என் அனுபவம்.

1. நேரம்

மாலை ஆறிலிருந்து எட்டு வரை எதுவும் கேட்காதீர்கள். கூட்டத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. காலை ஒன்பதுக்கு மேல், அல்லது இரவு மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் நல்லது. ஒருவர் செட்டின் நடுவில் இருக்கும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது (பயிற்சியை ஒருமுறை முழுதாகச் செய்வது ரெப், விடாமல் செய்யும் பல ரெப் சேர்ந்தது ஒரு செட்). பாரை (எடை மாட்டும் கம்பியை) வைத்துவிட்டு மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்த பிறகு கேளுங்கள்.

2. கேள்வியைச் சுருக்குங்கள்

"தொப்பை குறையணும் மாஸ்டர், என்ன செய்யலாம்?" என்று கேட்டால் க்ரஞ்ச் போடு, ட்ரெட்மில்லில் ஓடு என்ற பதில்தான் வரும். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது. அவ்வளவு பெரிய கேள்விக்கு நின்றபடியே சொல்லக்கூடிய பதிலும் கிடையாது.

மேலே தொங்கும் பாரை நெஞ்சு வரை இழுக்கும் முதுகுப் பயிற்சியான லாட் புல்டவுனை எடுத்துக்கொள்வோம். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "லாட் புல்டவுன் பண்ணும்போது கைதான் வலிக்குது, முதுகுல ஒண்ணுமே தெரியல. ரெண்டு ரெப் பாருங்க மாஸ்டர்." உடனே அவர் கண் வேலை செய்யும். மெஷினின் எடைத் தட்டில் செருகியிருக்கும் பின்னை இரண்டு தட்டு மேலே மாற்றி எடையைக் குறைப்பார். கட்டை விரலையும் மற்ற விரல்களோடு பாருக்கு மேலேயே வைக்கச் சொல்வார். நெஞ்சை நிமிர்த்தி, கையால் இழுக்காமல் முழங்கையை பேண்ட் பாக்கெட் பக்கம் இறக்கச் சொல்வார். அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் இறுகுவது அப்போதுதான் தெரியும். ஒரு பயிற்சி, ஒரு சந்தேகம், கண்ணெதிரே இரண்டு ரெப். இதற்கு மேல் ஒரே நாளில் கேட்க வேண்டாம்.

காட்டும்போது எடை குறைவாக இருக்கட்டும். தூக்க முடியாத எடையில் யாருடைய ஃபார்மும் (செய்யும் முறையும்) கெடும், அதை வைத்து அவரால் எதுவும் சொல்ல முடியாது.

3. யாரைக் கேட்பது?

உடம்பு பெரிதாக இருப்பவரைத்தான் எல்லோரும் தேடிப் போகிறார்கள். நான் வேறு விதமாகப் பார்ப்பேன். முதல் ரெப்பும் கடைசி ரெப்பும் ஒரே மாதிரி இருக்கிறதா? முடித்ததும் பிளேட்டை எடுத்த இடத்தில் வைக்கிறாரா? ஒவ்வொரு செட்டையும் எழுதி வைக்கிறாரா? இந்த மூன்றும் இருந்தால் தயங்காமல் கேட்கலாம். உங்கள் உயரம், வயது, வேலையை ஒத்தவராக இருந்தால் இன்னும் நல்லது. நாளெல்லாம் நாற்காலியில் உட்காரும் நாற்பது வயதுக்காரரின் இடுப்பு எங்கே பிடித்துக்கொள்ளும் என்பது இருபது வயதுத் தம்பிக்குத் தெரியாது.

முதல் பேச்சுக்குச் சுலபமான வழி மெஷினைப் பகிர்வது. "ப்ரோ, இன்னும் எத்தனை செட் இருக்கு? நடுவுல நான் ஒண்ணு போட்டுக்கவா?" பெரும்பாலும் சரி என்பார்கள். மாறி மாறிப் போடும்போது அவர்களே ஏதாவது சொல்லித் தருவார்கள்.

பெஞ்ச் பிரஸ்ஸுக்கு (படுத்தபடி நெஞ்சுக்கு மேல் பாரைத் தள்ளும் பயிற்சி) சப்போர்ட் கேட்கும்போது வெறுமனே "கொஞ்சம் பிடிங்க" என்றால் போதாது. "எட்டு ரெப் போடப் போறேன். எடுத்துக் கொடுங்க. நான் சொல்ற வரைக்கும் பாரைத் தொட வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாவது ரெப்பிலேயே அவர் தூக்க ஆரம்பித்துவிடுவார், உங்கள் பலம் எவ்வளவு என்றே உங்களுக்குத் தெரியாது. ஆள் இல்லாத நாளில் டம்பெல் பிரஸ் செய்யுங்கள். தனியாகப் பயிற்சி செய்பவருக்கு பாரை விட டம்பெல்தான் பாதுகாப்பு என்பேன்.

4. ஆளுக்கொன்று சொன்னால்?

நான் அதிக நாள் திணறிய இடம் இது. ஸ்குவாட்டை (உட்கார்ந்து எழும் பயிற்சி) எடுத்துக்கொள்ளுங்கள். "முழங்கால் கால் விரலைத் தாண்டவே கூடாது" என்பார் மாஸ்டர். "தாண்டினா ஒண்ணும் ஆகாது, நல்லா கீழே உட்கார்" என்பார் பக்கத்து அண்ணன். இருவரும் நன்றாகச் செய்பவர்கள்.

இதை நேரடியாக அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2003ல் வெளிவந்தது. பலகை வைத்து முழங்கால் விரலைத் தாண்டாமல் தடுத்தபோது முழங்கால் மீதான சுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் உடல் முன்னால் சாய்ந்து, இடுப்பு மூட்டின் சுமை பத்து மடங்கு ஏறியது. அதனால் "தாண்டவே கூடாது" என்பது எல்லோருக்குமான விதியாக முடியாது. தொடை எலும்பு நீளமானவருக்கு நன்றாகக் கீழே இறங்கினால் முழங்கால் முன்னால் போகத்தான் செய்யும்.

அப்படியென்றால் மாஸ்டர் சொன்னது தப்பா? அதுவும் இல்லை. குதிகால் தரையை விட்டு எழும்பும் ஒருவரைப் பார்த்து அவர் அப்படிச் சொல்லியிருப்பார். அந்த ஆளுக்கு அது சரியான அறிவுரை. ஜிம்மில் கிடைக்கும் பெரும்பாலான அறிவுரைகள் இப்படி ஒரு குறிப்பிட்ட பிழைக்கான மருந்துதான். பிழையைத் தெரிந்துகொள்ளாமல் மருந்தை மட்டும் எடுத்துக்கொள்வதால்தான் குழப்பம். அதனால் யார் எதைச் சொன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என்கிட்ட எதைப் பார்த்து அப்படிச் சொல்றீங்க?" பார்த்துச் சொன்னவர் உடனே காட்டுவார்: "கீழே போறப்ப உன் இடது குதிகால் எழும்புது பாரு." பொதுவாகக் கேள்விப்பட்டதைச் சொன்னவரிடம் அந்தப் பதில் இருக்காது.

பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டு மூன்று வாரம் அதையே செய்து, எடை, ரெப், எங்கே வலித்தது என்று எழுதுங்கள். செயலிகள் எத்தனையோ இருக்கின்றன, எனக்குப் பிடித்தது நாற்பது பக்க நோட்டுதான். மாஸ்டரிடம் நீட்டினால் ஒரு பார்வையில் படித்துவிடுவார். கூடவே போனை தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து, பக்கவாட்டிலிருந்து இடுப்பு உயரத்தில் வீடியோ எடுங்கள். மற்றவர்கள் அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. ஜிம்மில் கேட்கக் கூடாதவை

பயிற்சி செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு. மூட்டில் சுருக்கென்று குத்தினாலோ, கை கால் மரத்துப்போனாலோ மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள், மாஸ்டரை அல்ல.

புரோட்டீன் பவுடர் விஷயத்தில், டப்பாவை விற்பவரே ஆலோசனையும் சொல்கிறார் என்பதை மறக்காதீர்கள். லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம். முட்டை, பருப்பு, தயிர், மீனில் எவ்வளவு புரதம் கிடைக்கிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஊசி என்று யாராவது பேச்சை எடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஸ்டீராய்டு இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும், உடல் தானாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனையும் நிறுத்திவிடும். சின்னப் பையன்கள் இதில் விழுவதைப் பார்க்கவே வேதனையாக இருக்கிறது.

பின்சேர்க்கை 1: மாஸ்டர் தொட்டுத் திருத்துவது சங்கடமாக இருக்கிறது என்று சில தோழிகள் எழுதியிருந்தார்கள். தொடாமலேயே எல்லாவற்றையும் திருத்த முடியும். "தொடாம சொல்லுங்க மாஸ்டர், நான் கண்ணாடியைப் பார்த்துச் செய்றேன்" என்று முதல் நாளே சொல்லலாம். அதற்கு முகம் சுளிப்பவரிடம் கற்க வேண்டாம், நிர்வாகத்திடம் வேறு ட்ரெய்னரைக் கேளுங்கள்.

பின்சேர்க்கை 2: "சைடுக்கு பத்து போடு" என்று சொன்னார்கள், மொத்தம் இருபது கிலோதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை, பாரின் எடையும் சேரும். ஒலிம்பிக் பார் என்றால் 20 கிலோ, பெண்களுக்கான பார் 15 கிலோ. ஆக, 20 கிலோ பாரில் சைடுக்குப் பத்து போட்டால் மொத்தம் 40. சின்ன ஜிம்களில் இருக்கும் மெல்லிய பார்கள் இதைவிடக் குறைவு, ஒன்றுக்கொன்று மாறும். வாசலில் எடை பார்க்கும் மெஷின் இருக்கும். வெறும் கையோடு ஒருமுறை, பாரைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை ஏறி நின்று, வித்தியாசத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.