நல்ல தண்ணி லைனில் உப்புத் தண்ணி: பின்னோட்டத்தை வீட்டிலேயே தடுப்பது எப்படி?

எங்கள் வீட்டில் இதை முதலில் கண்டுபிடித்தது அம்மா. சிறுவாணித் தண்ணி விட்ட அன்று பிடித்த முதல் குடத்தை ஊற்றிப் பருப்பு வைத்தார். குக்கர் எத்தனை விசில் அடித்தும் பருப்பு வேகவில்லை. "இது நல்ல தண்ணி இல்ல கண்ணு, போர் தண்ணி கலந்திருக்குது" என்றார். குடித்துப் பார்த்தால் லேசாகக் கரித்தது. பக்கத்து வீட்டிலும் அதே புகார்.

தெருவெல்லாம் தேடிவிட்டு வந்து பார்த்தால், வில்லங்கம் எங்கள் வாசலில்தான் இருந்தது. நல்ல தண்ணி பைப்பையும் போர் பைப்பையும் சேர்த்து ஒரு பைபாஸ், நடுவில் ஒரு கேட் வால்வு. வீடு கட்டியபோது போட்ட பிளம்பரைக் கேட்டேன். "ஏனுங்க, வால்வு அடைச்சுத்தானுங்க இருக்குது, அப்புறம் என்னங்க?" என்றார்.

அங்கேதான் சிக்கல். கேட் வால்வுக்குள் ஒரு மணல் துகள் சிக்கினாலும் முழுதாக மூடாது. போர் மோட்டார் 33 அடி உயர டேங்குக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டுமானால் சுமார் 1 பார் அழுத்தம் கொடுத்தாக வேண்டும். தண்ணி விடாத நாளில் தெரு பைப்போ காலியாகக் கிடக்கும். கசிகிற வால்வு வழியாக உப்புத் தண்ணி அதற்குள் இறங்கி நிற்கும். அடுத்த முறை மாநகராட்சி தண்ணி விட்டதும் முதலில் வருவது அதுதான், நமக்கும் பக்கத்து வீட்டுக்கும். இதற்குத்தான் பின்னோட்டம் என்று பெயர்.

பின்னோட்டம் இன்னொரு வழியிலும் நடக்கும். ட்ரம்மில் டியூப் விட்டு, வாயால் உறிஞ்சி, குடத்துக்குத் தண்ணீர் இறக்கியிருப்பீர்கள். அதே வேலையைத் தெரு பைப்பும் செய்யும். பள்ளத்தில் எங்காவது பைப் உடைந்தாலோ, யாராவது லைனில் நேரடியாக மோட்டார் போட்டு இழுத்தாலோ, தண்ணீருக்குள் முங்கியிருக்கும் உங்கள் பைப் முனை வழியாகத் தொட்டித் தண்ணீர் வெளியே போகும். நம் ஊரில் பல இடங்களில் தண்ணி நாள் கணக்கில் இடைவெளி விட்டுத்தான் வருகிறது. அதனால் லைன் அழுத்தம் இல்லாமல் கிடக்கும் நேரம்தான் அதிகம்.

கலப்பது உப்புத் தண்ணியோடு நின்றுவிட்டால் பரவாயில்லை, பருப்புதான் வேகாது. 1933-இல் சிகாகோவில் உலகப் பொருட்காட்சிக்கு வந்தவர்கள் தங்கிய இரண்டு ஓட்டல்களில் கழிவுநீர் குடிநீர் பைப்பில் கலந்தது. அமீபா வயிற்றுக்கடுப்பில் 98 பேர் இறந்தார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: லைனைக் கண்டுபிடியுங்கள்

ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு மீட்டரிலிருந்து நடங்கள். நல்ல தண்ணி பைப் எங்கெல்லாம் போகிறது, எந்த 'டீ'யில் பிரிகிறது, போர் பைப்பை எங்காவது தொடுகிறதா என்று சுவரிலேயே கோடு போடுங்கள். மண்ணுக்குள் போகும் இடத்தில் சந்தேகக்குறி போட்டு வையுங்கள்.

படி 2: சோதனை

தண்ணி விடாத நாளில், சம்ப்புக்கு (தரைக்கடித் தொட்டி) முன்னால் இருக்கும் வாசல் குழாயைத் திறந்து விடுங்கள். பைப்பில் நின்ற மிச்சம் வடியட்டும். காய்ந்ததும் போர் மோட்டாரைப் போடுங்கள். அந்தக் குழாயில் தண்ணீர் வந்தால் இரண்டு லைனும் எங்கோ சேர்ந்திருக்கின்றன. மோட்டாரை நிறுத்தி, மேல் டேங்க் நிறைந்த நிலையில் இன்னும் பத்து நிமிடம் பாருங்கள். அப்போது சொட்டினால் மேல் டேங்கிலிருந்தும் வழி இருக்கிறது.

சம்ப்புக்கு வேறு சோதனை. தண்ணி நின்ற அன்று இரவு, வாசல் குழாயை மூடிவிட்டு, உள்சுவரில் நீர்மட்டத்தைக் குறித்து, மோட்டாரே போடாமல் விடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் சம்ப்பில் விரிசல் இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் தெருவுக்குத் திரும்பிப் போயிருக்கிறது.

படி 3: காற்று இடைவெளி

மீதிப் படிகளை அடுத்த மாதம் செய்தாலும் பரவாயில்லை, இதை இந்த வாரமே செய்யுங்கள். பைப் முனைக்கும் தண்ணீருக்கும் நடுவில் வெறும் காற்று இருந்தால் எந்த உறிஞ்சலும் தண்ணீரை மேலே தூக்காது. பழுதாக இதில் எதுவும் கிடையாது.

நிறைய வீடுகளில், விழும் சத்தம் கேட்கக்கூடாது என்று பைப்பைச் சம்ப்பின் அடி வரை இறக்கியிருப்பார்கள். ஆக்ஸா பிளேடால் அதை வெட்டிவிடுங்கள். பைப் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும், எப்படியும் 1 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. அரை அங்குல பைப்புக்கு 1 அங்குலம், முக்கால் அங்குலத்துக்கு ஒன்றரை. மிதவை மூடும் மட்டத்திலிருந்து அளக்காதீர்கள், மிதவை ஒருநாள் மாட்டிக்கொள்ளும். தண்ணீர் வழிந்து வெளியேறும் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும்.

பைப்பே சம்ப்பின் பாதிச் சுவரில் நுழைகிறதா? எல்போ வைத்து உள்ளேயே மேலே ஏற்றி, வளைத்து விழ விடுங்கள். நாலடி ஏற்றினால் 0.12 பார் அழுத்தம் போகும். மேட்டுத் தெருக்காரர்களுக்கு அதுவே பெரிசு, தண்ணீர் மெதுவாகத்தான் விழும்.

படி 4: பைபாஸை வெட்டுங்கள்

வால்வை இறுக்கி வைத்தால் போதாது. மண்ணுக்குள் இருந்தால் தோண்டி, இணைப்பையே வெட்டி, இரண்டு முனைக்கும் எண்ட் கேப் போடுங்கள். அவசரத்துக்குப் போர் தண்ணி வேண்டுமென்றால் அதைத் தனி பைப்பாக, டேங்குக்கு மேலிருந்து விழுகிற மாதிரி கொண்டு போங்கள்.

படி 5: ஒருவழி வால்வு

வாசல் குழாய் மாதிரி, சம்ப்புக்குப் போகாமல் தெரு லைனிலிருந்து நேராகத் தண்ணீர் வரும் குழாய்கள் இருந்தால், மீட்டருக்கு அடுத்து ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். மீட்டருக்கு முன்னால், தெருப் பக்கம், கை வைக்கக்கூடாது, அது மாநகராட்சியின் சொத்து. வால்வின் உடம்பில் உள்ள அம்புக்குறி வீட்டுப் பக்கம் பார்க்க வேண்டும். ஊசலாடும் மூடி உள்ள வகையைப் படுக்கை பைப்பிலோ, தண்ணீர் மேல்நோக்கிப் போகும் பைப்பிலோதான் போடலாம். இரண்டு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி மண்ணைக் கழுவ வசதி. காற்று இடைவெளிக்கு இது துணைதான், மாற்று இல்லை. (சாயப்பட்டறை, ஆஸ்பத்திரி போன்ற இடங்களுக்கு இந்த ஒற்றை வால்வு போதாது. இரண்டு ஒருவழி வால்வும் நடுவில் வடிகால் திறப்பும் உள்ள தனிக் கருவி வேண்டும்.)

படி 6: டியூபைத் தூக்கி மாட்டுங்கள்

மாட்டுத் தொட்டியில், தென்னைக்கு மருந்து கலக்கும் ட்ரம்மில், கார் கழுவும் சோப்பு வாளியில் டியூபை முக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். தண்ணி நின்ற நொடியில் மருந்து லைனுக்குள் போகும். வாளிக்கு மேலே ஒரு ஆணி அடித்து மாட்டினால் வேலை முடிந்தது.

எல்லாம் ஆன பிறகு, அடுத்த தண்ணியில் முதல் சில குடங்களைச் செடிக்கு ஊற்றுங்கள். அதன் பிறகு, தண்ணி விடாத ஒரு நாளில் படி 2-ஐத் திரும்பச் செய்யுங்கள். மோட்டார் ஓடி மேல் டேங்க் நிறைந்தும் வாசல் குழாய் காய்ந்தே இருந்தால், தோண்டிய குழியில் மண்ணைத் தள்ளி மூடலாம். நான் சோதிக்காமல் மூடிவிட்டு, மறுபடி தோண்டினேன்.