ஸ்கீயா, ஸ்னோபோர்டா? முதல் நாளுக்கான செய்முறை

இரண்டும் பனிச்சரிவில் சறுக்கும் கருவிகள்: ஸ்கீ காலுக்கு ஒன்றாக இரண்டு நீண்ட பட்டைகள், ஸ்னோபோர்டு இரு கால்களையும் பூட்டும் ஒரே பலகை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் நாளில் கற்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நினைத்த இடத்தில் நிற்பது. வேகம் தானாக வரும்.

படி 1: கருவிகளை வாடகைக்கு எடுங்கள். புதியவருக்கான ஸ்கீயை நிமிர்த்தி வைத்தால் முகவாய்க்கும் மூக்குக்கும் இடையில் முடிய வேண்டும். ஸ்கீ பூட்ஸ் கெட்டியான பிளாஸ்டிக், நடக்கச் சிரமம். ஸ்னோபோர்டு பூட்ஸ் மென்மையானது. ஹெல்மெட் இரண்டுக்கும் அவசியம்.

படி 2: ஸ்னோபோர்டு என்றால் எந்தக் கால் முன்னால் என்று முடிவு செய்யுங்கள். இடது கால் முன்னால் இருந்தால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. காலுறையுடன் வழவழப்பான தரையில் சறுக்கிப் பாருங்கள். இயல்பாக முந்தும் காலே பெரும்பாலும் முன்கால்.

படி 3: நிற்கப் பழகுங்கள். நாளின் பெரும்பகுதி இதற்கே போகட்டும். ஸ்கீயில் முன்முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, ஆப்பு வடிவம் அமையுங்கள். கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்த வேண்டும். பயத்தில் எல்லோரும் பின்னால் சாய்கிறார்கள். சாய்ந்த உடனே கட்டுப்பாடு போய்விடும். ஸ்னோபோர்டில் பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, குதிகால் விளிம்பில் எடையைப் போட்டு, கால்விரல்களை உயர்த்துங்கள்; பலகை நிற்கும். விரல்களைச் சற்றே இறக்கினால் மெல்ல நழுவும். சரிவின் கீழ்ப்புறம் இருக்கும் விளிம்பு மட்டும் பனியில் பட்டுவிடக் கூடாது. பட்டால் அந்த நொடியே தூக்கி எறியும்.

படி 4: விழவும் பழகுங்கள். ஸ்கீ பலமாகத் திருகினால் பூட்ஸிலிருந்து கழன்றுவிடும். ஆனாலும் முழங்காலுக்கே ஆபத்து அதிகம். ஸ்னோபோர்டு கழலாது, அடி மணிக்கட்டுக்குப் போகும். விரித்த கையை ஊன்றாமல், முன்கைகளில் விழுங்கள். மணிக்கட்டுக் காப்பு அணிவது நல்லது.

படி 5: லிஃப்ட், அதாவது சரிவின் மேலே ஏற்றிச் செல்லும் இழுவை அல்லது தொங்கு இருக்கை. ஸ்னோபோர்டில் பின்காலைப் பலகையிலிருந்து விடுவித்துக்கொண்டு ஏற வேண்டும். சமதளத்திலும் அப்படியே தள்ளிச் செல்ல வேண்டும். ஸ்கீக்காரர் கம்புகளை ஊன்றிப் போய்விடுவார்.

ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால் ஸ்கீயை எடுங்கள், அன்றே சறுக்குவீர்கள். சில நாட்கள் இருந்தால் ஸ்னோபோர்டைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்: தொடக்கத்தில் உட்கார்ந்தே நேரம் போகும், திருப்பங்கள் கைவந்தபின் முன்னேற்றம் வேகமானது. ஸ்கீயிலோ ஆப்பிலிருந்து இணைச் சறுக்கலுக்கு (இரு ஸ்கீகளையும் இணையாக வைத்துச் சறுக்குவதற்கு) மாறத்தான் பொறுமை வேண்டும். அமெரிக்காவின் ஆல்ட்டா, டீர் வேலி போன்ற சில இடங்கள் ஸ்னோபோர்டை அனுமதிப்பதில்லை. முன்பதிவுக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருவருக்கும் ஒரே விதி: சரிவில் கீழ்ப்புறம் இருப்பவருக்கே வழியுரிமை. மேலிருந்து வருபவர்தான் விலக வேண்டும்.