இரண்டு சர்வோ, ஒரு ஆர்டுயினோ: கணினி சொன்னபடி திரும்பும் கேமரா டரட்

கீழே ஒரு சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சின்ன மோட்டார்), அது கேமராவை இடவலமாகத் திருப்பும். அதன் தலையில் இன்னொன்று, அது மேலும் கீழும் சாய்க்கும். டரட் என்றால் இவ்வளவுதான். சின்ன வெப்கேமுக்கு எஸ்ஜி90 சர்வோ போதும். கனமான கேமராவுக்கு உலோகப் பல்சக்கரம் உள்ள எம்ஜி996ஆர் வாங்குங்கள்.

1. முதலில் நடுவுக்குக் கொண்டுவாருங்கள்

எதையும் திருகி முடுக்கும் முன் ஒவ்வொரு சர்வோவையும் ஆர்டுயினோவில் (புரோகிராம் ஏற்றி இயக்கும் சின்ன மின்னணு போர்டு) இணைத்து, 90 டிகிரிக்கு அனுப்புங்கள்; வயரிங் அடுத்த பகுதியில் இருக்கிறது. அது நின்ற பிறகு, கேமரா நேராகப் பார்க்கும்படி சர்வோவின் கையை (ஹார்ன்) அதன் தண்டிலுள்ள பல்லில் பொருத்தி நடுத்திருகைப் போடுங்கள். இதைச் செய்யாமல் மாட்டினால் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பும், மறுபக்கம் பாதியிலேயே முட்டி நிற்கும். கையால் பிடித்துத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், பிளாஸ்டிக் பல் தேய்ந்துவிடும்.

2. வயரிங்

எஸ்ஜி90-இல் பழுப்பு வயர் கிரவுண்ட் (மைனஸ்), சிவப்பு மின்சாரம் (பிளஸ்), ஆரஞ்சு சிக்னல். சிக்னல் வயர்களை ஆர்டுயினோ ஊனோ போர்டின் 9, 10 பின்களில் செருகுங்கள்.

சிவப்பு வயர்களை மட்டும் போர்டின் 5 வோல்ட் பின்னில் செருக வேண்டாம். இரண்டு சர்வோவும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தில் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகும். புதிதாகச் செய்பவர்கள் புரோகிராமைத்தான் சந்தேகிப்பார்கள். இரண்டு எஸ்ஜி90-க்குத் தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் வைத்து அதிலிருந்து கொடுங்கள். அடாப்டரின் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் கட்டாயம் இணைக்க வேண்டும். இல்லையென்றால் சர்வோவுக்குச் சிக்னல் சரியாகப் புரியாது, கண்டபடி துடிக்கும்.

சர்வோ மின்வழியில் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் போடுங்கள். கோடு போட்ட கால் கிரவுண்டுக்கு. மாற்றிப் போட்டால் வெடிக்கலாம்.

3. கணினியோடு பேச வைப்பது

பைத்தானில் பைசீரியல் (யுஎஸ்பி வழியாகப் போர்டோடு பேசும் நூலகம்) வழியாக, திருப்பம், சாய்வு என்ற இரண்டு கோணங்களை "90,45" என்று காற்புள்ளியிட்டு, கடைசியில் புதுவரிக் குறி சேர்த்து அனுப்புங்கள். ஆர்டுயினோ பக்கம் பார்ஸ்இன்ட் (வந்த எழுத்துகளிலிருந்து எண்ணைப் பிரித்தெடுக்கும் கட்டளை) இரண்டு முறை படித்தால் எண்கள் கிடைத்துவிடும். அதன்பின் மிஞ்சும் புதுவரிக் குறியையும் படித்துத் தள்ளிவிடுங்கள். விட்டுவைத்தால் புதுத் தகவல் வந்துவிட்டது என்று நினைத்து புரோகிராம் மறுபடி படிக்கப் போகும்; பார்ஸ்இன்ட் எண் வருமா என்று ஒரு விநாடி காத்திருந்து 0 என்று சொல்லும், டரட் திடீரென ஓரத்துக்குப் பாயும். பேய் பிடித்ததுபோல் இருக்கும்!

கோணங்களுக்கு எல்லை வையுங்கள்: திருப்பத்துக்கு 10 முதல் 170, சாய்வுக்கு 40 முதல் 140 என்று தொடங்கலாம். ஓரத்தில் முட்டிக்கொண்டு "உர்ர்" என்று முனகும் சர்வோ வெகுநேரம் தாங்காது.

யுஎஸ்பி போர்ட்டைத் திறந்ததும் ஊனோ தானாக ரீசெட் ஆகும். அதனால் முதல் கட்டளைக்கு முன் பைத்தானில் 2 விநாடி காத்திருப்பு போடுங்கள்.