ரொறன்ரோவில் எந்தப் பக்கம் வீடு எடுப்பது? வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

"ஸ்காபுறோவில எடு, எல்லாம் எங்கட சனம்." ரொறன்ரோவில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் உங்களுக்கும் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள். ஸ்காபுறோ நகரத்தின் கிழக்குப் பக்கம். நல்ல மனதோடு சொல்லும் அறிவுரைதான். நானும் அதைக் கேட்டுத்தான் வீடு எடுத்தேன். மார்க்கம் வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கும் இடத்துக்குக் கிட்ட ஒரு பேஸ்மென்ட். ஒரு சனிக்கிழமை பின்னேரம் போய்ப் பார்த்தேன். இரண்டு நிமிட நடையில் பஸ் தரிப்பு, கிட்டவே தமிழ்க் கடை. வீட்டுக்கார அன்ரி தேத்தண்ணி தந்து, "தனியவோ வந்தனீங்கள் பிள்ளை?" என்று கேட்டா. அன்றைக்கே கையெழுத்து வைத்துவிட்டேன்.

வேலை டவுன்டவுனில், கிங் வீதியில். மார்க்கம் வீதியில் பஸ் எடுத்து வோர்டன் நிலையம், அங்கிருந்து இரண்டாம் லைன் ரயிலில் புளோர்-யங், பிறகு படியேறி முதலாம் லைனுக்கு மாறி கிங். ஒக்டோபர் வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. பெப்ரவரியில் ஒரு காலை, மைனஸ் 18. இரவு முழுக்கக் கொட்டிய பனியில் வீதி முழுதும் வாகனங்கள் அசையாமல் நின்றன. பஸ் எங்கே வருகிறது என்று பார்க்கக் கையுறையைக் கழற்றினேன். விரல் விறைத்து எழுத்தை அழுத்த முடியவில்லை, குளிருக்குப் போனும் அணைந்துவிட்டது. அரை மணித்தியாலம் கழித்து பஸ்ஸில் ஏறி, புளோர்-யங் மேடையில் நிரம்பி வந்த இரண்டு ரயில்களை விட்டு மூன்றாவதில் ஏறினேன். வேலைக்குப் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணித்தியாலம். பின்னேரம் அதே பாதையில் திரும்பி வர வேண்டுமே என்ற நினைப்பிலேயே அன்றைய நாள் போனது.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் படித்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் வீட்டைத் தூரத்தை வைத்து அளக்காதீர்கள், எத்தனை தரம் இறங்கி ஏற வேண்டும் என்று எண்ணுங்கள். ரயிலில் இருந்தபடி 50 நிமிடம் போவதில் களைப்பே இல்லை, புத்தகம் படிக்கலாம், நித்திரை கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் குளிரில் ஒரு காத்திருப்பு. ஒரு இடம் பிந்தினால் அடுத்ததும் தவறும். ஒரு தரம் மாறலாம். இரண்டு தரம் மாறுவதென்றால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆகவே முதலில் வேலைத்தலம் எங்கே என்று வரைபடத்தில் குறியுங்கள். "ரொறன்ரோவில் வேலை" என்று கடிதத்தில் இருக்கும், கட்டடம் மிசிசாகாவில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அப்படியென்றால் ஸ்காபுறோவை மறந்துவிடுங்கள். நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, அதுவும் 401 நெடுஞ்சாலையில், தினமும் இரண்டு நேரமும் போய் வருவது உடம்பைத் தின்னும். மிசிசாகாவிலோ பிறம்டனிலோ அறை பாருங்கள், தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் பலர் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். மார்க்கத்தில் ஏழாம் நெடுஞ்சாலையை ஒட்டிய கணினி நிறுவனங்களில் வேலை என்றால் ஸ்டீல்ஸ் வீதிக்கு வடக்கே பாருங்கள். ஸ்டீல்ஸ்தான் எல்லை. அதைத் தாண்டினால் யோர்க் பிராந்தியத்தின் பஸ், ரொறன்ரோ பஸ்ஸைப் போல அடிக்கடி வராது.

வேலை டவுன்டவுனில், இருக்க விருப்பம் ஸ்காபுறோவில் என்பவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை. நகரத்தின் ரி.ரி.சி. சப்வேயை மட்டும் பார்க்காமல், புறநகர்களை டவுன்டவுனோடு இணைக்கும் கோ ரயிலின் நிலையங்களையும் பாருங்கள். எக்ளின்டன், கில்ட்வுட், றூஜ் ஹில் ஆகியவை ஏரிக்கரைப் பாதையில் இருக்கின்றன. ஏஜின்கோர்ட், மில்லிக்கன் ஸ்டூவில் பாதையில். கில்ட்வுட்டில் ஏறினால் ஏறக்குறைய அரை மணித்தியாலத்தில் யூனியன் நிலையம், இடையில் மாற்றமே இல்லை. யூனியனில் இறங்கினால் 'பாத்' என்கிற நிலத்தடி நடைபாதை. ஏறக்குறைய 30 கிலோமீற்றர் நீளத்துக்கு டவுன்டவுன் கட்டடங்களை இணைக்கிறது, உங்கள் கட்டடமும் அதில் இருந்தால் வெளியே காலடி வைக்காமலே மேசைக்குப் போகலாம். முன்பெல்லாம் பஸ்ஸுக்கும் கோ ரயிலுக்கும் தனித்தனியே காசு. 2024 பெப்ரவரி 26 முதல் ஒரே பிரெஸ்டோ பயண அட்டையைத் தட்டி இரண்டு மணித்தியாலத்துக்குள் மாறினால் ரி.ரி.சி. பஸ்ஸுக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு ரயிலை விட்டால் அடுத்ததுக்கு அரை மணித்தியாலம்கூட நிற்க வேண்டியிருக்கும். அதனால் வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடந்தே போகலாமா என்று பாருங்கள்.

பழைய ஆட்கள் சிலர் இன்னமும் ஸ்காபுறோ ஆர்.ரி. ரயிலைச் சொல்லி இடம் காட்டுவார்கள். அது 2023 யூலையில் தடம் புரண்டதோடு நின்றுவிட்டது, பிறகு ஓடவேயில்லை. அங்கே இப்போது பஸ்தான். நீட்டிக்கும் சப்வே வேலை நடக்கிறது. நாளைக்கு வரப்போகும் சப்வேயை நம்பி இன்றைக்கு வீடு எடுக்க வேண்டாம்.

அப்படியென்றால் தமிழ்ச் சனத்தோடு இருப்பதில் பலன் இல்லையா? நிறைய இருக்கிறது. முதல் வருடம் அது பெரிய துணை. காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவந்து கொடுக்க ஆள் இருக்கும். வேலையால் எட்டு மணிக்கு வந்தாலும் கடையில் இடியப்பமும் சொதியும் வாங்கலாம். நூலகத்தின் ஸ்காபுறோக் கிளைகள் சிலவற்றில் தமிழ்ப் புத்தகங்களுக்கென்றே தட்டுகள் இருக்கின்றன. தனிமை இந்த ஊரில் மெய்யான நோய், குறிப்பாக ஐந்து மணிக்கு முன்பே இருட்டுகிற டிசம்பரில். ஆனால் அதற்குத் தமிழ்க் கடைக்கு மேலேயே குடியிருக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை ஒரு பஸ்ஸில் போய் வரும் தூரம் போதும். வேலைக்குப் போவது ஐந்து நாள், கடைக்குப் போவது ஒரு நாள். கிழமையில் இரண்டு நாள்தான் வேலைத்தலம் போக வேண்டும் என்றால் கணக்கு மாறும், அப்போது சனத்தோடு இருப்பதையே நான் தெரிவுசெய்வேன்.

"அந்தப் பக்கம் கூடாது" என்று சில இடங்களின் பெயரைச் சொல்வார்கள். பல பெயர்கள் இருபது, முப்பது வருடத்துக்கு முந்திய கதைகளால் கெட்டவை. நீங்களே ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குப் பஸ்ஸில் இறங்கி அந்த வீட்டுக்கு நடந்து பாருங்கள். வெளிச்சம் இருக்கிறதா, ஆட்கள் நடமாடுகிறார்களா, உங்கள் மனம் என்ன சொல்கிறது? வேலை நாள் காலை ஒன்றிலும் அங்கிருந்து வேலைத்தலம் வரை ஒரு தரம் போய்ப் பாருங்கள். என்னைப் போல சனிக்கிழமை பின்னேரம் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்க வேண்டாம்.

பேஸ்மென்ட் என்றால் இன்னும் கவனம். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி பெரும்பாலும் மேல்மாடிச் சுவரில், வீட்டுக்காரரின் கையில். பார்க்கப் போகும்போது வெப்பக்காற்று வரும் துளையின் மேல் கையை வைத்துப் பாருங்கள். அவசரத்துக்கு வெளியேறக்கூடிய அளவில் யன்னல் இருக்கிறதா, புகைக்கும் கார்பன் மொனொக்சைட்டுக்கும் அலாரம் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மூலையில் நின்று போனில் யாருக்காவது எடுத்துக் கதையுங்கள், வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளில் சிக்னல் இல்லாவிட்டால் வினை. மீன் பொரிக்கலாமா, உடுப்புத் தோய்க்க எந்த நாள், பனி வழிப்பது யார் என்பதையெல்லாம் வெட்கப்படாமல் முதலே கேளுங்கள்.

சட்டத்தில் மூன்று விடயம் தெரிந்திருந்தால் போதும். ஒன்ராறியோவில் முற்பணமாகக் கடைசி மாத வாடகை ஒன்றைத்தான் கேட்கலாம். சேதத்துக்கென்று வைப்புப்பணம் கேட்க முடியாது. புதிதாக வந்தவர், கிரெடிட் (கடன் வரலாறு) இல்லை என்று சொல்லி ஆறு மாத வாடகையைக் கட்டாயமாகக் கேட்பதும் சட்டப்படி சரியில்லை. இரண்டாவது, 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாகக் குடிபுகுந்த வீடுகளில் வாடகையைக் கூட்டுவதற்கு உச்சவரம்பு கிடையாது. பழைய கட்டடத்தில் அரசு சொன்ன வீதம்தான் கூட்டலாம், 2026-க்கு அது 2.1 வீதம். டவுன்டவுனின் புதுக் கொண்டோவில் ஒரு வருடம் கழித்து எவ்வளவும் கூட்டலாம். மூன்றாவது, வீட்டுக்காரரோடு சமையலறையோ குளியலறையோ பகிர்ந்து இருந்தால் குடியிருப்பாளர் சட்டம் உங்களைப் பாதுகாக்காது.

கார் வாங்கும் எண்ணம் இருந்தால், கையெழுத்துக்கு முன் அந்தத் தபால் குறியீட்டைக் கொடுத்துக் காப்புறுதி எவ்வளவு என்று கேளுங்கள். முகவரி மாறினால் தொகையும் மாறும்.

ஊரிலிருந்தபடி படம் பார்த்து ஒரு வருட ஒப்பந்தம் போடவே வேண்டாம். சாவியைக் காணாமல் ஈ-ட்ரான்ஸ்ஃபரில் காசு அனுப்பி ஏமாந்த பிள்ளைகள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் உறவினர் வீட்டிலோ மாத வாடகை அறையிலோ இருந்துகொண்டு தேடுங்கள்.

அப்படியும் எடுத்த வீடு பிழையாய்ப் போனால், வருடம் முடிந்ததும் புது ஒப்பந்தம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அது தானாகவே மாதாந்த வாடகையாக மாறும், 60 நாள் முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு வெளிக்கிடலாம். ஓகஸ்ட் 31-இல் போவதென்றால் யூன் முடிவதற்குள் என்9 என்கிற, குடியிருப்பவர் வெளியேறும் அறிவித்தல் படிவத்தை நிரப்பி வீட்டுக்காரர் கையில் கொடுங்கள், கொடுக்க முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.