‘கூடுதல் சர்வர் போட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்லாதீர்கள்

ஒரு கணினி அமைப்பு எவ்வளவு கூட்டம் தாங்கும் என்பதைத் தொழில்நுட்பம் அறியாத மேலாளருக்கோ வாடிக்கையாளருக்கோ விளக்கும்போது, “ஒரு லட்சம் பேர் வருவார்கள்” என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். எவ்வளவு நேரத்துக்குள் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. நாள் முழுக்கப் பரவலாக வந்தால் நொடிக்கு ஒருவருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஒரே நிமிடத்தில் வந்தால் நொடிக்கு 1,600 பேருக்கு மேல்.

வேகத்தையும் தாங்குதிறனையும் குழப்புவதும் வழக்கம். உங்கள் மேசையில் பக்கம் சட்டென்று திறப்பது, கூட்டம் வரும்போதும் திறக்கும் என்பதற்குச் சான்றாகாது.

இவற்றைவிட விலை உயர்ந்த தவறு, தலைப்பில் உள்ள வாக்கியம். அதை நம்பித்தான் பணம் ஒதுக்குகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் இனி மாறப்போவதில்லை. எல்லோரும் படிக்க மட்டுமே வருகிறார்கள். நகல்களைப் பல சர்வர்களில் வைத்தால் நெரிசல் உண்மையிலேயே குறையும். தட்கல் டிக்கெட் அப்படியல்ல. ஒரு படுக்கையை இருவருக்கு விற்க முடியாது. எந்த சர்வர் வழியாக வந்தாலும், அந்தப் படுக்கை காலியா என்று ஒரே கணக்கில் பார்த்து, அங்கேயே பதிய வேண்டும். பத்து கவுன்ட்டர் திறந்துவிட்டு, பத்து எழுத்தர்களுக்கும் ஒரே பேரேட்டைக் கொடுத்தது போலத்தான். எனவே, “எங்கே தேங்கும்?” என்பதை முதலில் காட்டுங்கள். ரயில்வே 2015இல் ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று தட்கல் நேரத்தைப் பிரித்தது. கூட்டத்தைப் பிரிப்பதும் தீர்வுதான் என்று எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளம் 2013 அக்டோபர் 1 அன்று திறந்தபோது, முதல் நாளில் சேர்ந்து முடித்தவர்கள் 6 பேர். காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, திட்டங்களை ஒப்பிட்டுப் பார்க்க வந்தவர்களையும் முதலில் கணக்குத் தொடங்கச் சொன்னது. எல்லோரும் அந்த ஒரே வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

கலைச்சொற்களை அடுக்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, தவிர்த்துவிடுங்கள். ஆனால் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். வரிசையில் காக்க வைக்குமா, புதியவர்களை மட்டும் திருப்பி அனுப்புமா, பணம் கட்டிக்கொண்டிருப்பவரையும் சேர்த்து எல்லோருக்கும் முடங்குமா? இந்த மூன்றில் எது என்பதை முடிவுசெய்யும் உரிமை, கேட்டுக்கொண்டிருக்கும் அந்த மேலாளருக்கும் உண்டு.