கிளினிக்கில் சும்மா 'ஓம்' போடாதீர்கள்

பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம். மாதாமாதம் அரசாங்கக் கிளினிக்கில் குளிசை எடுப்பவர், இடையில் ஒருநாள் மட்டக்களப்பு டவுனில் பின்னேரம் சனல் பண்ணி (தனியாராகக் காசு கட்டி) இன்னொரு டொக்டரிடமும் காட்டினார். இரண்டு கிழமை போகவில்லை, ஒரு விடியப்புறம் ஆள் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் கதைக்கிறார், குத்திப் பார்த்தால் சீனி 48க்கு இறங்கியிருந்தது. விழுங்கக்கூடிய நிலையில் இருந்ததால் சீனித் தண்ணீர் கொடுத்துவிட்டு 1990 அம்புலன்சுக்கு எடுத்தோம்.

பிறகு குளிசைகளைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தேன். கிளினிக் உறையில் கிளிக்ளசைட் 80, பாமசிப் பெட்டியில் டயமிக்ரோன் 60. பெயர் வேறு, எண் வேறு, மருந்து ஒன்றேதான்! சனல் டொக்டர் "வேறு மருந்து போடுறீங்களா?" என்று கேட்டவர்தான். பெரியம்மா "ஓம், சீனிக்குத்தான்" என்றதோடு சரி, கிளினிக் கொப்பி வீட்டு லாச்சிக்குள் கிடந்தது.

ஆகவே எந்த டொக்டரிடம் போனாலும் கொப்பியோடு வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், நாட்டு மருந்தையும் சேர்த்து. உறையைக் கழற்றிக் குளிசைகளை ஒரே போத்தலில் கொட்டி வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

அடுத்தது, விளங்கியதைத் திருப்பிச் சொல்வது. "டொக்டர், இது விடிய சாப்பாட்டுக்கு முதல் ஒன்று, மற்றது இரவில் பாதி, சரிதானே?" பத்து விநாடி வேலை. அம்பாறைப் பக்கம் சிங்கள டொக்டர் என்றால் நாங்கள் இன்னும் வேகமாகத் தலையாட்டுவோம். அப்படிச் செய்யாமல் தமிழ் தெரிந்த மிஸ்ஸி (தாதி) ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. குறிப்பாக மூட்டு வருத்தத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் கிழமைக்கு ஒருநாள் போடுவது. அதைத் தினமும் போட்டு உயிர் போன ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எந்த நாள், திங்களா செவ்வாயா என்று உறையிலேயே எழுதுவியுங்கள்.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதா? கொப்பியின் முன்மட்டையில் சிவப்புப் பேனையால் பெரிதாக எழுதிவிடுங்கள். அமொக்சிசிலின், க்ளொக்சசிலின், ஓக்மென்டின் எல்லாம் அதே குடும்பம்தான், பெயரை வைத்து உங்களால் பிடிக்க முடியாது.

வாட்டில் "யோகேஸ்வரியா?" என்று கேட்டால் அரைத் தூக்கத்தில் ஓம் சொல்லாமல் முழுப் பெயர், வயது, ஊர் மூன்றையும் நீங்களே சொல்லுங்கள். எங்கள் பக்கம் ஒரு வாட்டில் இரண்டு யோகேஸ்வரி இருப்பது அதிசயமா என்ன?

மாரி மழையோடு டெங்கு வரும். அந்த நேரத்துக் காய்ச்சலுக்குப் பாமசியில் டைக்ளோபெனாக், ஐபுபுரோபன், அஸ்பிரின் என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், இரத்தக் கசிவுக்கு இடம் கொடுக்கும். (இருதயத்துக்கு ஏற்கனவே அஸ்பிரின் போடுபவர் டொக்டரிடம் கேட்கவேண்டும்.) பனடோல் (பரசிட்டமோல்) மட்டும் போதும். அதுவும் வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒருமுறைக்கு இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளி, 24 மணித்தியாலத்தில் 8ஐத் தாண்டக்கூடாது. ஈரல் வருத்தக்காரர், மெலிந்த ஆட்களுக்கு அதிலும் குறைவு. தடிமன் குளிசைக்குள்ளும் பரசிட்டமோல் இருக்கலாம், பெட்டியைத் திருப்பிப் பார்த்து அதையும் கணக்கில் சேருங்கள்.