ஆடும் குழாய்க் கைப்பிடியை நாமே சரிசெய்யும் முறை

குளியலறைக் குழாயின் கைப்பிடி லேசாக ஆடத் தொடங்கியதும், நம்மில் பலர் அதை இன்னும் அழுத்தித் திருகியே நாளைக் கடத்திவிடுகிறோம். அப்படித் திருகத் திருகக் கைப்பிடியின் உள்ளே தண்டைப் பற்றிக்கொள்ளும் பற்கள் மழுங்கிப்போகும். ஒரு திருகாணியை முடுக்கினால் தீர்ந்திருக்க வேண்டிய வேலைக்குப் புதுக் கைப்பிடியே வாங்க வேண்டிவரும். பல சுற்றுகள் திருகித் திறக்கும் பழைய பித்தளைக் குழாய்களை மனத்தில் வைத்தே கீழ்க்கண்ட செய்முறையை எழுதுகிறேன்.

கருவியைக் கையில் எடுப்பதற்கு முன், ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கைப்பிடியை மெல்ல அசைத்தபடி அதன் அடியில் தெரியும் தண்டைக் கவனிக்க வேண்டும். இதைத்தான் பிளம்பர்கள் ஸ்பிண்டில் என்பார்கள். தண்டு அசையாமல் கைப்பிடி மட்டும் ஆடினால் திருகாணி தளர்ந்திருக்கும், அல்லது பற்கள் தேய்ந்திருக்கும். தண்டும் சேர்ந்து ஆடினால், தண்ணீர் கசியாதபடி அதைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் நட்டைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, குளியலறைக்கு வரும் தண்ணீரை அடைக்கும் கேட் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். கைப்பிடியை மட்டும் கழற்றினால் தண்ணீர் பீய்ச்சாது என்பது உண்மைதான்; ஆனால் துருப்பிடித்த திருகாணியோடு மல்லுக்கட்டும்போது தண்டு திரும்பிவிடக்கூடும் என்பதால் மூடிவைப்பதே நல்லது. தரையிலோ தொட்டியிலோ உள்ள நீர்போக்கித் துளையை ஒரு பழந்துணியால் அடைத்துவிடவும் மறக்காதீர்கள். கழன்று விழும் திருகாணி நேராக அங்கேதான் போகும்!

கைப்பிடியின் நடுவிலுள்ள சிவப்பு அல்லது நீல வில்லையைச் சிறு கத்தி முனையால் நெம்பி எடுத்தால், உள்ளே திருகாணி தெரியும். அதன் தலைக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் வலப்பக்கமாக முடுக்குங்கள். பெரும்பாலும் ஆட்டம் இதிலேயே நின்றுவிடும். பிளாஸ்டிக் கைப்பிடியானால் அழுத்தம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்; அதற்குமேல் முடுக்கினால் விரிசல் விடும். திருகாணி துருவேறி அசைய மறுத்தால் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் பொறுத்துக் கழற்றிவிட்டு, துருப்பிடிக்காத பித்தளைத் திருகாணியாகப் பார்த்து மாற்றுங்கள். பழையதைக் கடைக்குக் கையோடு கொண்டுபோனால் அளவுக் குழப்பம் வராது.

முடுக்கிய பிறகும் ஆடினால் திருகாணியை எடுத்துவிட்டு, கைப்பிடியை மேல்நோக்கி இழுத்துக் கழற்றி, உட்புறத்தைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில் அங்கே உப்பு படிந்து, கைப்பிடி தண்டின்மேல் முழுதாக இறங்கி உட்கார முடியாமல் இருக்கும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்த பழைய பல் துலக்கியால் தேய்த்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். புளிப்பு நெடுநேரம் தங்கினால் குரோமியப் பூச்சு மங்கும். பற்கள் மழுங்கியிருந்தால் தண்டின் பற்களின் மேல் டெஃப்லான் டேப்பை இரண்டு மூன்று சுற்று இறுக்கமாகச் சுற்றி, கைப்பிடியை அழுத்திப் பொருத்தலாம். சில மாதங்கள் தாங்கினால் அதுவே அதிகம். நிரந்தரத் தீர்வு புதுக் கைப்பிடிதான். பழைய கைப்பிடியைக் கடைக்காரரிடம் காட்டி, பற்களின் எண்ணிக்கை ஒத்துப்போவதையே வாங்குங்கள்.

தண்டே ஆடினால், கைப்பிடியைக் கழற்றிய நிலையில் கிளாண்ட் நட்டை ஸ்பேனரால் கால் சுற்றுக்குமேல் போகாமல் முடுக்குங்கள். பிறகு கைப்பிடியை வைத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். திருப்பவே கடினமாக இருந்தால் நட்டைச் சற்றுத் தளர்த்துங்கள். வால்வைத் திறந்ததும் தண்டைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நட்டை முடுக்கியும் ஆட்டம் அப்படியே இருந்தால், தண்டின் மரை தேய்ந்துவிட்டது என்று பொருள். ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டியதுதான்.

எல்லாம் சரியானபின் கைப்பிடியின் திருகாணியை முடுக்கி, வில்லையை மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். அது நிற்காமல் விழுந்தால் ஓரத்தில் ஒரு சொட்டுப் பசை போதும். தாராளமாகப் பூசினால் அடுத்த முறை கழற்றும்போது வில்லை உடைந்துதான் வரும்.